கேமராவில் விழாத ஆள்

1

இடுப்பு வலிக்கிறது. இந்தக் கதை வேறெங்கிருந்தும் வரவில்லை, அங்கிருந்துதான் வந்தது. முதுகெலும்பின் அடியில், இடப்பக்கம், விரலால் அழுத்தினால் கணுக்கால் வரைக்கும் ஓடுகிற வலி. பத்தொன்பது வருடம் லாரியிலிருந்து சிமென்ட் மூட்டை இறக்கியவனுக்கு வர வேண்டிய வலிதான். இத்தனை நாள் வராமல் இருந்ததுதான் ஆச்சரியம் என்றார் டாக்டர். பத்து நாள் கட்டாந்தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். தனிக்கட்டை வீட்டில் படுத்தால் யார் தண்ணீர் கொடுப்பது என்று தங்கை வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அவள் வீட்டில் கட்டில் போடாத, மின்விசிறி உள்ள அறை ஒன்றே ஒன்று. அது மாப்பிள்ளையின் அறை. மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் என்ஜினியர். எவ்வளவு பெரியது? நானும் கேட்டேன்.

"உங்க கம்பெனியில மொத்தம் எத்தனை பேரு மாப்பிள்ளை?"

"எந்தக் கட்டடத்துல மச்சான்?"

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அந்த அறைதான் அவருடைய ஆபீஸ். ஆக, அவர் நாற்காலியில், நான் தரையில். மேசைக்கு மேலே தெரிவதைக் கம்ப்யூட்டர் பார்த்தது, மேசைக்குக் கீழே தெரிவதை நான் பார்த்தேன். கேமராவில் நான் விழாதபடி என் பாயை அவரே இழுத்து நகர்த்தி, திரையில் சரிபார்த்துக்கொண்டார்.

நான் எழுதுகிறவன். லோடு ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நடுவில் எழுதிப் பழகியவன். மல்லாந்து படுத்து நோட்டைத் தூக்கிப் பிடித்தால் பேனாவில் மை இறங்காது, அதனால் இதைப் பென்சிலில் எழுதினேன். அழித்த இடமெல்லாம் தடம் தெரியும். மறைக்கப் போவதில்லை.

இந்த வலிக்கு நான் ஒருநாளும் வாய்விட்டு முனகியதில்லை.

(மேலே உள்ள வரி பொய். கொஞ்ச தூரம் போனதும் சொல்கிறேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அந்தப் பெண் ஏமாற்றுகிறாள் என்று மாப்பிள்ளைக்கு முதல் நிமிடமே—"

விட்டுவிட்டேன். முதல் நிமிடம் இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான்.

இரண்டாவது தொடக்கம்:

"ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த மாப்பிள்ளை—"

இதையும் அடித்துவிட்டேன். அவர் எடுத்த பெயர் வேறு. ஆபீசில் அவருக்கு 'டப்பிங்' என்று பெயர்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தக் கம்பெனியில் வேலை கேட்டு வருகிறவர்களை வேலையில் இருக்கிற என்ஜினியர்களே மாற்றி மாற்றி இன்டர்வியூ எடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஐந்து சுற்று, ஐந்து பேர். எல்லாம் வீடியோவில். போன வருடம் மாப்பிள்ளையிடம் ஒரு பையன் வந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச் பளிச் என்று பதில். மாப்பிள்ளை வாய் நிறையப் புகழ்ந்து எழுதி உள்ளே அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பையன் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறான். பேசியது மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொருவன். மூன்றாவது வாரத்தில் அவனை வெளியே அனுப்பினார்கள். மாப்பிள்ளையை அனுப்பவில்லை, பெயர் வைத்தார்கள்.

"வாங்க டப்பிங், டீ சாப்பிடலாம்." "டப்பிங் சார் பாஸ் பண்ணி விட்ட ஆளா? அப்ப குரல் யாரு?" மேனேஜரே ஒரு கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார், எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இந்த வருடம் பதவி உயர்வுக்கு மறுபடி அவர் பெயர் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பவில்லை. வேலை கேட்டு வருகிறவரின் கண் எந்தப் பக்கம் போகிறது, பதிலுக்கு முன்னால் எத்தனை நொடி இடைவெளி, கண்ணாடி போட்டிருந்தால் அதில் என்ன வெளிச்சம் தெரிகிறது, இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்வார். பதில் சரியா என்று பார்ப்பது அப்புறம்தான்.

3

புதன்கிழமை. பதினொரு மணி. மாப்பிள்ளை கதவைச் சாத்தினார். இன்டர்வியூ எடுக்கிறவர் தனியாக இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கேள்வி வெளியே போய்விடக் கூடாதாம்.

"நான் வேணா வெளிய போயிடட்டுமா மாப்பிள்ளை?" என்றேன்.

"நீங்க என்ன மச்சான், ஆளா?" என்றார். பாசமாகத்தான் சொன்னார்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாயம்போன அரைக்கால்சட்டை. ஹெட்போனை மாட்டினார். வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே நுழையாத ஹெட்போன் அது. தங்கை அடுப்படியிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "காதுல கல்லறையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு" என்பாள்.

திரையில் ஒரு பெண். இது அவளுக்குக் கடைசிச் சுற்று. மற்ற நான்கும் முடிந்திருந்தன.

"ஒரு பஸ்ஸு. ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம். ரெண்டு பேரு, ரெண்டு ஊர்ல இருந்து, ஒரே நொடியில அந்தச் சீட்டுக்குப் பணம் கட்டுறாங்க. ஒருத்தருக்குத்தான் போகணும். எப்படிச் செய்வீங்க?"

(நான்கு நாளில் இந்தக் கேள்வியைத் தரையிலிருந்து ஆறு தடவை கேட்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் பாதி பதில் சொல்லியிருப்பேன்.)

அவள் சொன்னாள். முதலில் தொட்டவர் பெயரில் சீட்டைச் சில நிமிடம் பூட்டி வைக்க வேண்டும், பணம் வந்தால் கொடுக்க வேண்டும், வராவிட்டால் திறந்துவிட வேண்டும் என்றாள். மாப்பிள்ளையின் கால் அசையவில்லை. அடுத்தது அவருடைய பொறி. முக்கால்வாசிப் பேர் விழுகிற இடம்.

"சரி. பணம் கட்டியாச்சு. பதில் வர்றதுக்குள்ள நெட் போயிடுச்சு. அந்த ஆளு பதறிப்போய் மறுபடியும் பட்டனைத் தட்டுறாரு. ரெண்டு தடவை பணம் போயிடுமே, என்ன பண்ணுவீங்க?"

அவள் பேசவில்லை. மாப்பிள்ளை தாளில் நொடியை எண்ணினார். ஐந்து. எட்டு. அவள் கண் வலப்பக்கம் தாழ்ந்தது. பதினொன்று. அப்போதுதான் அவர் காதுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஆண் குரல். அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல்.

முனகல் ஓய்ந்ததும் அவள் பேசத் தொடங்கினாள். "ஒவ்வொரு முயற்சிக்கும் முதல்லயே ஒரு நம்பர் கொடுத்துடணும் சார். மறுபடி தட்டினாலும் அதே நம்பரோடதான் வரும். ஏற்கெனவே பார்த்த நம்பர்னா புதுசா பணம் எடுக்காம பழைய பதிலையே திருப்பிக் கொடுத்துடலாம்."

சரியான பதில். மாப்பிள்ளையின் வலது முழங்கால் ஆடத் தொடங்கியது.

"யாருங்க அங்க?"

"எங்க சார்?"

"உங்க ரூம்ல வேற யாரோ இருக்காங்க."

"இல்லீங்க சார். நான் மட்டும்தான்."

"லேப்டாப்பைத் தூக்கி நாலு பக்கமும் திருப்புங்க. மெதுவா."

அவள் திருப்பினாள். சுருட்டிய பாய். கொடிக்கயிற்றில் துணி. சுவரில் ஒரு ஈரத்தடம். மூடிய கதவு.

"அந்தக் கதவு?"

"பாத்ரூம் சார். அக்கா குளிக்கிறாங்க."

"அக்காவா? குளிக்கிறாங்களா? இப்பத்தான் யாருமே இல்லன்னீங்க."

"ரூம்ல யாரும் இல்ல சார். அக்கா பாத்ரூம்ல இருக்காங்க." பிறகு அவள் குரல் மாறியது. "அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு சார். உங்க பக்கத்துல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. நீங்களும் ஒரு தடவை திருப்பிக் காட்டுறீங்களா?"

மேசைக்குக் கீழே மாப்பிள்ளையின் கால்விரல்கள் மடங்கி, தரையைப் பிடித்துக்கொண்டன.

"நானா? நான் எதுக்கும்மா திருப்பணும்? இன்டர்வியூ எடுக்கிறது நான்."

4

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் பேசியது ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. அவள் குரல் முழுக்க ஹெட்போனுக்குள் இருந்தது. நான் கேட்டது மாப்பிள்ளையின் பாதியை மட்டும்தான்.

பிறகு அவள் வாயில் இத்தனை பேச்சை எப்படி வைத்தேன்? அவர் பாதியிலிருந்து ஊகித்தேன். "அக்காவா? குளிக்கிறாங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார், அக்கா கிடைத்தாள். "நானா? நான் எதுக்கும்மா திருப்பணும்?" என்றார், அவள் என்ன கேட்டிருப்பாள் என்று தெரிந்தது. தாளில் எண்ணியதும் நம்பர் பதிலும் மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னது.

சுருட்டிய பாய், கொடிக்கயிறு, ஈரத்தடம் எல்லாம் நான் போட்டது. அவள் அறை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நல்ல சோபா இருந்திருக்கலாம். மூட்டை தூக்கினவன் புத்தி, இல்லாதவர் வீடு என்றால்தான் படிக்கிறவர் பரிதாபப்படுவார் என்று சாமான்களை எடுத்துவிடுகிறேன். இப்படிச் செய்கிறவனை நீங்கள் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அவளையும் சந்தேகப்பட்டுத்தான் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில் ஒரு அக்கா குளிப்பாளா? அந்த அக்காவும் ஒரு என்ஜினியராக இருந்து, பாத்ரூமுக்குள் போனை வைத்துக்கொண்டு, தங்கைக்கு ஒவ்வொன்றாக—

இல்லை. இந்த வாக்கியத்தை முடித்தால் நானும் மாப்பிள்ளையும் ஒன்று. அப்படியே தொங்கட்டும்.

5

மதியம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பதில் எல்லாம் கரெக்ட்டு மச்சான். அதான் சந்தேகமே. ரெண்டு இடத்துல சொதப்பியிருந்தா நம்பியிருப்பேன்."

"தெரிஞ்ச பொண்ணா இருக்கும் மாப்பிள்ளை."

"அந்தக் கேள்வியில பெரிய பெரிய ஆளுங்களே மண்ணைக் கவ்வியிருக்காங்க. பதினோரு நொடி முழிச்சா. ஒரு ஆம்பளை முனகினான். உடனே கடகடன்னு சொல்றா. என்னை என்ன, மறுபடியும் டப்பிங் ஆக்கப் பாக்குறாங்களா?"

"முனகலாமே தவிர, முனகிப் பதில் சொல்ல முடியுமா?"

"சிக்னல் மச்சான் அது. எல்லாம் சொல்லிவச்ச ஏற்பாடு. உங்களுக்கு இந்த உலகம் தெரியாது."

அடுத்த நாள் பதினொரு மணிக்குள் அவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைசியில் ஒரு சின்னக் கட்டம், 'நேர்மையில் ஐயம்' என்று. அதில் டிக் விழுந்தால் மற்ற நால்வரும் அவளைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. இரண்டு வருடத்துக்கு அவள் அந்தக் கம்பெனிப் பக்கம் வர முடியாது. ஏன் என்று அவளுக்குச் சொல்லவும் மாட்டார்கள். அனுப்பியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. சாப்பிட்ட கையோடு டிக் போட்டுத்தான் வைத்தார். அனுப்பவில்லை.

"நாளைக்குக் காலையில அனுப்பிக்கலாம்" என்றார். அவர் எதையும் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை.

மறுநாள் எட்டு மணி. காப்பி டம்ளரோடு வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"மச்சான், நேத்து அந்த இன்டர்வியூ நடக்கும்போது, நீங்க ஏதாச்சும் முனகினீங்களா?"

"நானா? இல்லையே."

"இல்லல்ல?"

"இல்ல மாப்பிள்ளை."

"அதானே" என்றார். டம்ளரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார், டம்ளரைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

6

சரி. சொல்லிவிடுகிறேன். முனகியது நான்.

புரண்டு படுக்கப் பார்த்தேன், இடுப்பில் மின்சாரம் போல ஒன்று வெட்டியது, சத்தம் வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான். ஹெட்போன் வெளிச்சத்தத்தை அடைத்தது உண்மை. ஆனால் அதன் மைக் அறையில் இருந்ததை எடுத்து, அவர் குரலோடு சேர்த்து அவர் காதிலேயே போட்டது. தான் பேசுவது தனக்குக் கேட்காவிட்டால் செவிடன் மாதிரிக் கத்த வேண்டியிருக்குமாம், அதற்காக வைத்திருக்கிற வசதி. நான் வந்த முதல் நாளே மாப்பிள்ளை அதைக் காட்டிப் பெருமையாக விளக்கினார். விளக்கியவரே மறந்துபோனார். காதில் கேட்பதெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது என்று நினைக்கப் பழகிவிட்டார்.

அப்படியானால் "இல்லையே" என்று நான் ஏன் சொன்னேன்?

அதற்கு லோடு மேடைக்குப் போக வேண்டும். எங்கள் மேஸ்திரி மூட்டையைப் பார்க்க மாட்டார், காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எவன் முனகுகிறானோ அவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. "நேத்து முனகினது நீயா?" என்று காலையில் சிரித்துக்கொண்டே கேட்பார். "இல்லீங்களே" என்பதுதான் பதில். பத்தொன்பது வருடம் அதைத் தினமும் தயாராக வைத்திருந்தேன். மாப்பிள்ளை கேட்டதும் அது தானாக வந்துவிட்டது. யோசித்துப் பொய் சொல்லவில்லை.

(இதையும் முழுக்க நம்பாதீர்கள். அவர் வீட்டில் படுத்து, அவர் கூட்டிப்போகிற டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன். 'நான்தான்' என்று சொன்னால், இன்டர்வியூ அறையில் ஆள் வைத்திருந்தது அவர் என்று ஆகும். பதவி உயர்வு போகும். அதுவும் அந்த ஒரு நொடியில் எனக்குள் ஓடியிருக்கும்.)

ஒன்பதரைக்குத் தங்கை வெந்நீர்ப் பையோடு வந்தாள்.

"அண்ணா, திரும்பு. நேத்து ஏன் அப்படி முனகுன? உசுரே போற மாதிரி?"

"நான் எங்க முனகுனேன்?"

"ஆமா, இந்த நாற்காலி முனகுச்சு. குக்கர் விசிலைத் தாண்டி அடுப்படிக்குக் கேட்டுச்சு. ஓடிவந்து கதவைத் தட்டுறேன், அவரு கல்லறைக்குள்ள உக்காந்திருக்காரு, நீ வாயே திறக்கல."

"மாப்பிள்ளைகிட்ட இதைச் சொல்லாத."

"அவரே கேட்டாரே நேத்து சாயங்காலம். 'உங்க அண்ணன் பதினொன்றரை வாக்குல முனகினாரா'ன்னு. ஆமான்னேன். ஏன், என்ன ஆச்சு?"

வெந்நீர்ப் பை இடுப்பில் இருந்தது. சூடு தெரியவில்லை.

அவருக்கு முந்தின நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் காலையில் வந்து என்னைக் கேட்டார். உண்மையைக் கேட்க வரவில்லை, ஒரு 'இல்லை' வாங்கிப் போக வந்தார். நான் சுளையாக எடுத்துக் கொடுத்தேன்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண், கட்டம், டிக், எல்லாம்.

"அப்ப எந்திரிச்சுப் போய்ச் சொல்லு" என்றாள்.

"எந்திரிக்க முடியாதே."

"வாய்க்கு என்ன வந்துச்சு?" பையைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் போய்ச் சொன்னா, 'உங்க அண்ணனே இல்லன்னுட்டாரு'ம்பாரு. நீ சொன்ன 'இல்லை'ய நீதான் திரும்ப எடுக்கணும்."

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது. மாப்பிள்ளை பத்தரைக்கு அறைக்குள் வருகிறார். "நான்தான் மாப்பிள்ளை" என்கிறேன். அவர் டிக்கை எடுத்துவிட்டு, அறையில் ஆள் இருந்ததைக் கம்பெனிக்கு எழுதுகிறார். பதவி உயர்வு போகிறது. அவளுக்கு இன்னொரு நாள் இன்டர்வியூ வைத்து— நன்றாக இருக்கிறது. எழுதும்போதே பென்சில் வழுக்கிக்கொண்டு ஓடியது. வழுக்கிக்கொண்டு ஓடுவதை நான் நம்புவதில்லை.

இரண்டாவது. அந்தப் பெண் விடாக்கண்டி. இன்டர்வியூவின் பதிவைப் போட்டுக் கேளுங்கள் என்று கம்பெனிக்கு எழுதுகிறாள். கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் மைக்கில் என் குரல். இதை எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். நான் செய்ய வேண்டிய வேலையை அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

மூன்றாவதில் அவள் உண்மையிலேயே ஏமாற்றுக்காரி. அப்படியென்றால் நான் முனகியதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. எனக்கு வசதியான முடிவு என்று மூன்றாவது வரிக்குள் தெரிந்துவிட்டது.

நடந்தது இது. பத்து ஐம்பதுக்கு மாப்பிள்ளை வந்தார். கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். ஹெட்போன் மாட்டவில்லை. நான் ஏதாவது சொன்னால் கேட்கட்டும் என்று மாட்டாமல் விட்டாரா, வெறும் படிவத்துக்கு எதற்கு என்று விட்டாரா, தெரியாது. முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

"மச்சான்."

"ம்."

"ஒண்ணும் இல்லையே?"

இவ்வளவு நல்ல இடம் ஒரு கதையில் இரண்டாம் தடவை வராது. வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. வலிதான்."

முழங்கால் நின்றது. மேசைமேல் இரண்டு கிளிக் கேட்டது. இரண்டாவது, அனுப்புகிற கிளிக். முதல் கிளிக் என்ன? டிக் நேற்றே போட்டாகிவிட்டது. ஒருவேளை அதை எடுத்த கிளிக்காக இருக்கலாம். வேறு ஏதோ ஒரு பக்கத்தை மூடிய கிளிக்காகவும் இருக்கலாம். தரையிலிருந்து பார்த்தால் திரை தெரியாது.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாயங்காலம் தங்கை என் பாயைச் சுருட்டிக் கூடத்தில் போட்டாள். "அவரு மாத்தச் சொன்னாரு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு நாள் கூடத்தில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்தது. இன்டர்வியூவில் கறாராக இருக்கிறார் என்று அதில் எழுதியிருந்ததாம். டப்பிங் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

முதல் கிளிக் எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். மாப்பிள்ளையை நல்லவராக்குவதும் கெட்டவராக்குவதும் உங்கள் பாடு. எப்படி முடித்தாலும் என் பங்கு குறையாது.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரு புதன்கிழமை, பஸ்ஸில் மிச்சமிருந்த ஒரு சீட்டைப் பற்றிச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, உங்கள் பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிக் காட்டுங்கள் என்று ஒருவரிடம் கேட்ட பெண் நீங்கள்தான் என்றால்: அந்த முனகல் உங்கள் அறையிலிருந்து வரவில்லை. அதை அந்தக் கம்பெனிக்காரர்களிடம் சொல்லும் ஒரு சாட்சியை நான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.